ஒரே துண்டு, இரண்டு குப்பி

திரிங்காப்பில் விடாத இருமலுக்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று குளிர், குளிர் இல்லையென்றால் டி.பி. மூடுபனி இறங்கினால் பிற்பகலிலேயே லோரிக்காரர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற ஊர் என்பதால் முதல் காரணத்தை மறுக்க முடியாது. இரண்டாவதை மறுக்க எங்கள் வீட்டாருக்கு வாயில்லை. தாத்தா அதில்தான் போனார். லயத்தின் கடைசி அறையில் அவர் கட்டிலுக்குக் கீழே சாம்பல் போட்ட பால் டின் ஒன்று இருக்கும், அதில்தான் துப்புவார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோட்டத்து டிரெசர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவாராம். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் இருமினாலும் பாட்டியின் கண் முதலில் அவர்கள் கையிலுள்ள டம்ளருக்குத்தான் போகும்.

அந்த லயத்திலிருந்து இறங்கிப் போய் எம்.எல்.டி. படித்தேன். ஈப்போவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பல வருடங்கள் என் மேசைக்கு வந்தது சளிதான். கண்ணாடித் துண்டில் அதைத் தடவிக் காயவைத்து, சிவப்புக் கார்பால் ஃபுக்சினை ஊற்றி, அடியில் தீயைக் காட்டவேண்டும். ஆவி எழவேண்டும், கொதித்துவிடக் கூடாது. பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவினால் மற்றதெல்லாம் நிறத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி மட்டும் தன் மெழுகுப் பூச்சுள்ள மேலுறையால் சிவப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். பின்னணிக்கு மெத்திலீன் நீலம். ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால் நீலத்தின் நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள். ‘நெகட்டிவ்’ என்று எழுதுவதற்கு முன்னால் குறைந்தது 100 புலங்களாவது பார்க்கவேண்டும். அத்தனை பார்த்தாலும், ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வரை இருந்தால்தான் ஒன்றிரண்டு கண்ணில் சிக்கும். அதற்குக் குறைவாக இருந்தால் நோய் இருக்கும், எங்கள் தாளில் இருக்காது. இதை வார்டு டாக்டர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நோயாளிகளின் வீட்டாருக்குத்தான் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

2007-இல் சித்தப்பாவின் எக்ஸ்ரே வந்தது. இளவயதில் தேயிலையில் கவாத்து வெட்டியவர், பிறகு காய்கறி லோரி ஓட்டப் போய்விட்டார். சிம்பாங் பூலாய் சாலை திறந்த பிறகு திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு கோபிசும் தக்காளியும் ஏற்றி இறக்குவது அவர் வேலை. சில மாதங்களாக வறட்டு இருமல். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. காய்ச்சல் கிடையாது, இரவில் வியர்வை கிடையாது, சாப்பாடு குறையவில்லை. ஆனால் படத்தில் இரண்டு நுரையீரலின் வேர்ப்பகுதியிலும் நெறிகள் வீங்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் முட்டிக்கொண்டு நின்றன. நடுப்புறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள்.

படத்தைப் பார்த்த முதல் கிளினிக்கில் டி.பி. என்று சந்தேகம் சொன்னார்கள். சந்தேகம் என்ற சொல் வீடு வந்து சேருவதற்குள் கழன்றுவிட்டது. சித்தி டம்ளரைத் தனியாக வைத்தார். தவுக்கே லோரிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவது நின்றது. சித்தப்பாவுக்கு நோயைவிட அந்தச் சாவிதான் பெரிய கவலை. “தம்பி, நீதானே அந்தப் பூச்சியப் பாக்குற ஆளு. இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லுய்யா” என்றார். சொந்தக்காரர் மாதிரியை நான் தொடுவதில்லை. பக்கத்து மேசையில் இருந்த மலாய்த் தோழிதான் பார்த்தார். வறட்டு இருமல்காரர் துப்பினால் வருவது எச்சில்தான். அதில் தேடிப் பயனில்லை. அடர்த்தியான உப்புநீரை ஆவியாக மூச்சில் இழுக்கவைத்து, மார்புக்குள்ளிருந்து சளியைக் கிளப்பி மூன்று மாதிரி எடுத்தார்கள். மூன்றும் நெகட்டிவ்.

கையில் போட்ட மாந்தோ ஊசி கொஞ்சமும் தடிக்கவில்லை. இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. டி.பி. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவருக்கு அந்த இடம் ஓரளவாவது தடித்திருக்கவேண்டும். அவருக்கு வெறும் தோலாகக் கிடந்தது. மார்பு மருத்துவர், தமிழ்ப் பெண்மணி, அதைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே சட்டையை மடக்கச் சொன்னார். இடது முன்கையில் ஒரு பழைய தழும்பு. கவாத்துக் கத்தி நழுவி வெட்டியது. நான் பிறப்பதற்கு முன்பே ஆறி, வெள்ளைக் கோடாகக் கிடந்தது எனக்கே தெரியும். இப்போது அது செம்மையும் ஊதாவுமாகத் தடித்து எழும்பியிருந்தது. வலியில்லை, அரிப்பில்லை, சீழில்லை. சித்தி மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“அங்கிள், இது எப்போலேருந்து?”

“இருமல் வந்த கையோடதான் டாக்டர். பூச்சி கடிச்சிருக்கும்னு விட்டுட்டேன்.”

டாக்டர் பஞ்சால் அந்த இடத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். முழங்கையின் பின்பக்கம் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்த்தார். அது தொழுநோய்க்கான சோதனை. சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பே திறந்த நாடு இது. அந்த நோய் முற்றிலும் போய்விடவில்லை. பிறகு வீட்டில் பூனை உண்டா, ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தாரா, மீன் தொட்டி கழுவுகிறாரா என்று விசாரித்தார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நெஞ்சு நோய்க்கு வந்தவனிடம் பூனையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்பது அவர் பார்வை. முள் குத்தினாலும் பூனை பிறாண்டினாலும் தோலுக்குள் புகுகிற ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை உண்டு. மலேசியாவில் அது பெரும்பாலும் பூனையிடமிருந்துதான் வருகிறது. மீன் தொட்டி நீரிலிருந்து ஏறுகிற, டி.பி. கிருமியின் தூரத்து உறவு ஒன்றும் உண்டு. எல்லாமே தோலில் இப்படித் தடித்துக்கொண்டு நிற்கக் கூடியவை.

பழைய தழும்பு காரணமில்லாமல் விழித்துக்கொண்டால் சார்காய்டோசிஸ் என்ற நோயையும் நினைக்கவேண்டும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். பாடத்தில் ஒரு வரியாகப் படித்து மறந்திருந்தேன். உடலின் எதிர்ப்பு அணுக்கள், துரத்த வேண்டிய கிருமி எதுவும் அகப்படாத நிலையிலும், அங்கங்கே கும்பலாகக் கூடி முடிச்சுப் போடும் நோய் அது. நுரையீரல், நெறி, தோல், கண், சில நேரம் இதயம், நரம்பு. அந்த முடிச்சுக்கு கிரானுலோமா என்று பெயர். சிக்கல் என்னவென்றால் டி.பி.யிலும் அதே முடிச்சுதான். தொழுநோயிலும் பூஞ்சையிலும் அதே. டி.பி. முடிச்சின் நடுப்பகுதி அழுகிப் பாலாடைக்கட்டி போலாகிவிடும், சார்காய்டோசிஸ் முடிச்சு அழுகாது என்று புத்தகம் சொல்லும். பெரும்பாலும் சரி. ஆனால் அழுகத் தொடங்காத டி.பி. முடிச்சும் உண்டு, லேசாக நடுவில் சிதைந்த சார்காய்டோசிஸ் முடிச்சும் உண்டு. திசுவைப் பார்க்கிற நோய்க்குறியியல் டாக்டர், முடிச்சு இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். யார் போட்ட முடிச்சு என்று அவர் மட்டும் சொல்லிவிட முடியாது.

தழும்பிலிருந்து எடுத்த துண்டை இரண்டாக வெட்டி இரண்டு குப்பிகளில் அனுப்பினார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். ஒரு குப்பியில் ஃபார்மலின், அது நோய்க்குறியியலுக்கு. இன்னொன்றில் கிருமி நீக்கிய வெறும் உப்புநீர். அது வளர்ப்புச் சோதனைக்கு. ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும். அதற்குச் சாயம் ஏற்றலாம், வளர்க்க முடியாது. என் வேலைக்காலத்தில், கழுத்து நெறியை அறுத்து முழுசாக ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டு, டி.பி. கல்ச்சர் செய்யுங்கள் என்று பாரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். கழுத்தில் மறுபடி கத்தி வைக்க எந்த நோயாளி ஒத்துக்கொள்வார்? தோல் என்றால் பரவாயில்லை. நெஞ்சுக்குள்ளிருக்கும் நெறி என்றால் ஒரு வாய்ப்புதான் கிடைக்கும்.

சித்தப்பாவின் முதல் குப்பியிலிருந்து பதில் சீக்கிரம் வந்தது. அழுகாத, இறுக்கமான முடிச்சுகள். சிவப்புக் குச்சி இல்லை. பூஞ்சைக்கான சாயத்திலும் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் ஏறியிருந்தது. கண் டாக்டர் விளக்கொளியில் பார்த்து உள்ளே லேசான அழற்சி என்றார், எச்.ஐ.வி. சோதனை நெகட்டிவ். எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அப்படியும் டாக்டர் மாத்திரை எழுதவில்லை. இரண்டாவது குப்பி வரட்டும் என்றார்.

அந்தக் குப்பிக்கு எட்டு வாரம். முட்டையும் மலக்கைட் பச்சையும் கலந்து சாய்வாக உறையவைத்த பச்சை ஊடகத்தில்தான் அப்போது வளர்ப்போம். டி.பி. கிருமி ஒரு தரம் இரண்டாகப் பெருகவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும், அவசரப்படுத்த முடியாது. சித்தி தினமும் போன் செய்வார். “நோயும் இல்லேங்கிறீங்க, மருந்தும் இல்லேங்கிறீங்க, பின்னே எதுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரி?” என்றார். நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: சார்காய்டோசிஸுக்கு மருந்து பிரட்னிசோலோன். உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு. டி.பி.யை சார்காய்டோசிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் முதலில் நோயாளி தேறுவார், இருமல் குறையும், பசி எடுக்கும், வீட்டார் கும்பிடுவார்கள். பிறகு கிருமி காவல் இல்லாத இடத்தில் பரவி, மூளை உறை வரைக்கும் போய்விடும். ‘கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் சார்காய்டோசிஸ்’ என்ற முறை அதனால்தான் ஆபத்து. சித்தப்பாவின் நோய் காத்திருக்கக் கூடிய நிலையில் இருந்தது, காத்திருந்தோம். இதயத்தையோ நரம்பையோ தாக்கியிருந்தால் டாக்டர் இத்தனை வாரம் பொறுத்திருக்கமாட்டார்.

மறுபக்கத்து சோதனையும் ஏமாற்றும். டி.பி. மாத்திரையை ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்போம் என்று தொடங்குவார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், சிலருக்கு ஈரல் கெடும். ஆனால் நெறி மட்டும் வீங்கிய சார்காய்டோசிஸ், பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே வடிந்துவிடும் நோய். மாத்திரை சாப்பிடும் காலத்திலேயே அது வடிந்தால் டி.பி. குணமானது என்று கோப்பை மூடிவிடுவார்கள். இந்தியாவிலும் நம் நாட்டிலும் இந்த நோய் இல்லவே இல்லை என்று நீண்ட காலம் நம்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சென்னையில் ஆர். வி. ராஜமும் அவருடைய சகாக்களும் 1957-இல்தான் இதைப் பற்றி எழுதினார்கள். நார்வேயில் சீசர் பேக் 1899-இலேயே தோலில் வரும் வடிவத்தை விவரித்துவிட்டார், அவர்கூட இது டி.பி.க்கு உறவான கிருமி நோய் என்றே நினைத்தார். பின்னர் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிங்கப்பூரிலும் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மொத்தத்தில் அரிய நோய்தான், ஆனால் வந்தவர்களில் இந்தியர் பங்கு மக்கள்தொகையில் நம் பங்கைவிட அதிகம் என்று கண்டார்கள். நம்மவர்களுக்குத்தான் டி.பி. என்ற சந்தேகமும் முதலில் வருகிறது.

சித்தப்பா காத்திருந்த அதே சமயத்தில் கீழ் லயத்து அக்கா ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. எக்ஸ்ரே படமும் ஏறக்குறைய சித்தப்பாவின் படம் மாதிரியேதான். திசுவிலும் அழுகாத முடிச்சு, சளியும் நெகட்டிவ். இவங்களுக்கும் உங்க சித்தப்பாவுக்கு வந்ததுதான் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தவுக்கே சாவியைக்கூடத் திருப்பிக் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஆறாவது வாரம் அக்காவின் பச்சைச் சாய்வில் இள மஞ்சளாக, சொரசொரப்பாக, ரொட்டித் துகளை உதறிவிட்ட மாதிரி புள்ளிகள் எழுந்தன. டி.பி. அவர் ஆறு மாதம் மாத்திரை எடுத்தார், நெறி வடிந்தது. அவருடைய துண்டு முழுவதும் ஃபார்மலினுக்குப் போயிருந்தால், சித்தப்பாவின் மருந்தையே அவருக்கும் கொடுக்க எல்லாக் காரணமும் தாளில் இருந்தது.

டி.பி.யையும் தாண்டி இன்னொன்றை எங்கள் மாநிலமான பஹாங்கில் மறக்கக் கூடாது. மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ். 1911-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளில் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். உலகம் ‘விட்மோர் நோய்’ என்று ஒருவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. கிருஷ்ணசாமியை நம்மவர்களே மறந்துவிட்டோம். மெலியோய்டோசிஸ் என்ற பெயரை வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும், 1921-இல். நுரையீரலில் ஓட்டை போடும், மெலியவைக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். பார்ப்பதற்கு அப்படியே டி.பி. ஆனால் டி.பி. மருந்துக்கு அடங்காது. இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். 2010-இல் எங்கள் பஹாங்கிலேயே லூபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இதுவும் எலிக்காய்ச்சலும் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். இது ஊடகத்தில் சில நாட்களில் வளர்ந்துவிடும். பழக்கமில்லாத கண் அதை ஏதோ கலப்படக் கிருமி என்று குப்பையில் போட்டுவிடும் என்பதுதான் வம்பு. அதனால், நோயாளி கெபுனில் சேற்றில் நிற்பவர் என்று பாரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால், எங்களுக்கு அது பத்துச் சோதனைக்குச் சமம்.

எட்டு வாரம் முடிந்தும் சித்தப்பாவின் சாய்வு சுத்தமாகப் பச்சையாகவே இருந்தது. அப்புறமும் ஒரு வேலை பாக்கி. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்புழு பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் அது பெருகி உடல் முழுக்க ஊர்ந்து ஆளையே கொன்றுவிடும். அதற்கு மலத்தைச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். மஞ்சள்காமாலை பி வைரஸ் பார்த்தார்கள். பிறகுதான் பிரட்னிசோலோன். கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டியும் யார் கொடுத்தாலும் கேட்காமல் விழுங்கக் கூடாது என்றும் டாக்டர் எச்சரித்தார். எலும்புக்கு நல்லது என்று கடைகளில் விற்பது இந்த நோயில் ரத்தத்தின் கால்சியத்தை இன்னும் ஏற்றிவிடும்.

முகம் உருண்டது, இனிப்பு நீரும் வந்து சேர்ந்தது. ஆனால் மேட்டில் மூச்சு வாங்குவது நின்றது. தழும்பு மெல்ல அடங்கி மறுபடி வெள்ளைக் கோடானது. ஒரு வருடத்துக்கு மேல் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் சளியைப் பார்த்தார்கள், ஏனென்றால் தாத்தாவோடு வாழ்ந்தவர் உடம்பில் உறங்கும் கிருமி ஸ்டீராய்டில் எழும்பலாம். ஒட்டாத நோய் என்று நான் வீடு வீடாகச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. வாயில் நுழையாத பெயரைச் சொல்லி மறைக்கிறான் என்றார்கள். டி.பி. வந்த அக்காவை ஆறு மாதத்தில் சேர்த்துக்கொண்ட லயம், டி.பி. இல்லாத சித்தப்பாவிடம் கை குலுக்க இரண்டு வருடம் எடுத்தது. தவுக்கே சாவியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. சித்தப்பா வேறு லோரிக்குப் போனார்.

இன்று நிலைமை எளிதாகியிருக்கிறது. 2010-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி, இரண்டு மணி நேரத்தில் டி.பி. மரபணுவைத் தேடிச் சொல்லும். மூச்சுக்குழாய் வழியாகவே ஒலி அலையால் நெறியைப் பார்த்து ஊசியால் குத்தி எடுக்கிறார்கள், நெஞ்சைத் திறக்கவேண்டியதில்லை. ஆனால் கிருமி குறைவாக உள்ள நெறியில் ஜீன்எக்ஸ்பெர்டும் தவறவிடும். சார்காய்டோசிஸ் திசுவிலும் சில நேரம் அந்தக் கிருமிக் குடும்பத்தின் மரபணுத் துணுக்கு அகப்படுகிறது. அது காரணமா வெறும் மிச்சமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஊசியில் வருகிற துணுக்கு இன்னும் சிறியது என்பதால், அதைப் பிரித்து அனுப்பவேண்டியது முன்னைவிட முக்கியம்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ நெறியிலிருந்தோ தோலிலிருந்தோ துண்டு எடுக்கப்போகிறார்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: “டாக்டர், பாதியை கல்ச்சருக்கும் அனுப்புவீங்களா?” வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா, என்ன வேலை, எந்த மண், பூனை வளர்க்கிறீர்களா என்பதையும் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.